தாய்மாமன் மடி

அந்தப் போட்டோவில் அண்ணனுக்குத் தலை இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. பச்சைக் கரை வேட்டி, மடியில் பூமாரி, அவள் வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், இடது மணிக்கட்டில் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த கடிகாரம். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. குழந்தைகள் நல ஆபீஸ் ஜெபகனி அம்மா கையெழுத்துக்காக ஃபைலை என் பக்கம் திருப்பி, "இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டினார். நான் இரண்டு இடத்திலும் உலகம்மாள் என்று எழுதினேன். எழுதும்போதே ஓரத்தில் கிளிப் போட்டிருந்த அந்தத் தாள் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள், மை குறைந்த மெஷின், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதைக்கூட முதலில் தொழில்காரியாகத்தான் பார்த்தேன், டோனர் மாற்ற வேண்டும் என்று. அப்புறம்தான் பிள்ளையைப் பார்த்தேன். அதற்கும் அப்புறம்தான் தலை இல்லாததை. பதினெட்டு வருஷமாகத் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுகிறவள் நான். தலையை வைத்துக்கொண்டு உடம்பை வெட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. உடம்பை வைத்துக்கொண்டு தலையை வெட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. ஜெபகனி அம்மா ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். "முடிவு சொல்ல அரை மணி நேரம் ஆகும், வெளிய உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணன் கோமதிநாயகம். அவன் மடியில் பூமாரி. அதே மடி, அதே கடிகாரம், இப்போது தலையோடு.

"என்னளா சொன்னாவ?" என்று கேட்டான். அரை மணி நேரமாம் என்றேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, எனக்கே ஆச்சரியம். பூமாரி அவனுடைய விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். அரசு பஸ் கண்டக்டர் விசில், கறுப்புக் கயிறு போட்டது. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையில் கைவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பாள். இன்றைக்கு, "ஊதக் கூடாது கண்ணு, உள்ள பெரிய ஆளுக இருக்காவ" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறான். அவளும் ஊதவில்லை, வாயில் வைத்து மூச்சை மட்டும் விடுகிறாள், உள்ளே இருக்கிற சின்னக் குண்டு லேசாக உருளுகிறது. இல்லை, இந்தப் படத்தை வைத்துப் புகார் போட்டது அவனாக இருக்காது. ஒரு போட்டோ எத்தனை கைக்குப் போகும். பூமாரிக்குக் காது குத்தியதை ஊரே எடுத்தது, ஆளுக்கு ஒரு போன் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆனால் இது என் வீட்டுக்காரர் கடை கேமராவில் எடுத்தது, எனக்குத் தெரியாதா, அந்தப் பிள்ளையின் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் திரண்டு விழப்போகிற சமயம். அந்த ஒரு படத்தை நான் குரூப்பில் போடவில்லை. பிள்ளை அழுகிற படம் எதற்கு என்று வைத்துக்கொண்டேன். அண்ணன்தான் ராசாபோல் கேட்டான், "என் மடில இருக்க போட்டோவ எனக்கு மட்டும் அனுப்பு உலகு, போன்ல வால்பேப்பரா வைக்கணும்" என்று. அவனுக்கு மட்டும்தான் அனுப்பினேன். ஒரே ஒரு ஆளுக்கு. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவன் முகமே வந்து நிற்கிறது, வெட்டியெடுத்த அந்த முகம்.

இந்தக் கதவுக்கு வெளியே இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது கல்யாணப் பெண்போல நெஞ்சு அடித்துக்கொண்டது. குழந்தைகள் நலக் குழு என்று பலகை தொங்குகிறதே, அதைப் பார்த்தே கண் கலங்கினேன். பூமாரிக்கு அப்போது நாலு வயது. அப்பா இல்லை. அம்மா கஸ்தூரி இன்னொருவனைக் கட்டிக்கொண்டு வெளியூருக்குப் போய்விட்டாள். பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டவள், தத்துக் கொடுக்கவும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள், வந்து கூட்டிப் போகவும் மாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரு குடும்பத்தில் வைத்து வளர்க்கக் கொடுக்கிறார்கள், வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். பெற்றவளுடைய உரிமை அவளிடமே இருக்கும், குழு எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், சோறும் படிப்பும் பாசமும் மட்டும் நாம் கொடுக்க வேண்டும். பாசத்தைக் கொடுத்துவிட்டு உரிமையை மட்டும் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அன்றைக்கு அதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வயிறு திறக்காத பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை வீட்டுக்கு வருகிறது, ஆகட்டும் ஆகட்டும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "அம்மான்னு கூப்பிடப் பழக்காதீங்க, அதுக்கு ஒரு அம்மா உசுரோட இருக்கா" என்று ஜெபகனி அம்மா சொன்னார். அப்போ என்ன கூப்பிடட்டும் என்று கேட்டேன். சித்தி என்று முடிவாயிற்று. கஸ்தூரியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, ஒரு கையெழுத்தில் அவளுக்குத் தங்கச்சி ஆகிவிட்டேன். அப்படியானால் எனக்கு அண்ணன் என்றால் பூமாரிக்குத் தாய்மாமன்தானே. இதை நானாகக் கட்டவில்லை, அவர்கள் போட்டுக் கொடுத்த உறவுக் கணக்கே அப்படித்தான் வருகிறது.

வந்த புதிதில் சாப்பாட்டை ஒளித்து வைப்பாள். தலையணை உறைக்குள் இட்லி, ஷூவுக்குள் பிஸ்கட், ஒரு நாள் கடையில் பேப்பர் ரீமைப் பிரித்தால் நடுவில் முறுக்கு. எறும்பு வரிசை எங்கே போகிறதோ அங்கே பூமாரியின் சேமிப்பு இருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இவ்வளவு சோறு போடுகிறேனே, இந்தப் பிள்ளைக்கு என்மேல் நம்பிக்கை இல்லையே என்று. ஜெபகனி அம்மா வீட்டுக்குப் பார்க்க வந்தபோது சொன்னேன். "எடுக்காதீங்க, திட்டாதீங்க. நாளைக்கும் கிடைக்கும்னு அதுக்கே தெரியற வரைக்கும் விட்டுருங்க" என்றார். விட்டேன். ஒன்பது மாதம் எறும்போடு குடித்தனம் நடத்தினேன். ஒரு நாள் தலையணையைத் தட்டிப் போடும்போது ஒன்றும் விழவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் உறையைத் திருப்பிப் போட்டு உதறிப் பார்த்தேன், ஒரு துணுக்கு இல்லை. அந்த வெறும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதே மாதம்தான் நீங்க நீங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், "சித்தி, நீ தள்ளிப் படு" என்றாள். அந்த நீ என் காதில் ஒரு வாரம் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "இதுக்கு என்னத்துக்குப் பல்லைக் காட்டுத, மரியாத இல்லாமப் பேசுதா" என்கிறார். அவருக்கு என்ன தெரியும், அவர் கேமராவுக்குப் பின்னாலேயே நிற்கிற மனுஷர். இன்றைக்குக்கூட வரவில்லை. "எனக்கு அந்த ஆபீஸ் வாசலே ஆகாது, நீ உங்க அண்ணனோட போயிட்டு வா" என்று ஷட்டரைத் தூக்கிக் கடையைத் திறந்துவிட்டார். உங்க அண்ணனோட.

காது. எல்லாம் அந்தக் காதில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கம்மல் போட்டு வருகிறார்கள், இவளுக்குக் காது மூளியாக இருக்கிறது. ஈர்க்குச்சியை ஒடித்துக் காதில் பசை வைத்து ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள் ஒரு நாள். அண்ணன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையில் சோற்றோடு சிரித்தான். "ஏளா, மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், பிள்ள ஈக்குச்சிய ஒட்டிக்கிட்டு அலையுது. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல என் மடில வச்சுக் குத்திருவோம்" என்றான். அவன்தான் சொன்னான். நான் கேட்கவில்லை. சொல்லப்போனால் என் வாய்க்கு வராமல் மூன்று மாதமாகத் தொண்டையிலேயே நின்ற பேச்சை அவனாக எடுத்துத் தட்டில் வைத்தான். அதற்காக அன்றைக்கு அவனுக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தேன். குழுவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு எந்தச் சடங்கும், உடம்பில் எந்த மாற்றமும் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கடைக்கு வருகிற கிழடுகளையெல்லாம் அதட்டுகிறவள் நான், படித்துத்தான் போட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று இன்றைக்கு உள்ளே அந்தக் குழுத் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சொன்னார். "ஒரு லெட்டர் எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா, ஏன் எழுதல?" என்ன சொல்வேன். எழுதினால் அவள் என் பிள்ளை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். எந்த அம்மா காது குத்த மனுப் போடுகிறாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தில், யாரையும் கேட்காமல் அம்மாவாக இருந்து பார்த்தேன். அதோடு நின்றேனா, கடையில் உட்கார்ந்து அழைப்பிதழ் வேறு அடித்தேன், எங்கள் மகள் பூமாரிக்கு என்று. சித்தி என்று போட விரல் வரவில்லை. உள்ளே அதையும் படித்துக் காட்டினார்கள்.

மொட்டை போடவில்லை. இல்லத்தில் பேன் என்று ஒருதரம் மொட்டை அடித்திருக்கிறார்கள், கத்தியைப் பார்த்தாலே ஓடுவாள், அதனால் காது மட்டும். ஆசாரி ஊசியை எடுத்ததும் உடம்பெல்லாம் விறைத்துப் போயிற்று அவளுக்கு. அண்ணன் குனிந்து காதருகே சொன்னான், "வலிக்காது கண்ணு, மாமா இருக்கேன்ல." அவள் என்னைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், ஊசி போயிற்று. அந்த நொடிதான் படத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தை கத்தவில்லை. அப்புறம் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டே, "மாமா பொய் சொல்லிட்டாரு, வலிச்சுது" என்றாள், எல்லாரும் சிரித்தோம், அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அது வரைக்கும் அவன் நல்ல மாமன்தான், அதில் பொய் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பந்தியில்தான் கெட்டது. சங்கரபாண்டிச் சித்தப்பா இலையை மூடிவிட்டு ஏப்பத்தோடு ஒரு வார்த்தை விட்டார், "ஏலே கோமதி, மருமவளுக்குக் காது குத்தியாச்சு, இனி உன் மவனுக்கு வெளிய பொண்ணு தேட வேண்டாம்லா!" பந்தியே சிரித்தது. கேலிக்குச் சொன்னதுதான், எந்தக் காது குத்துக்குப் போனாலும் எவராவது ஒருவர் இதைச் சொல்வார், சொல்லாவிட்டால்தான் குறை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மதினியைப் பார்த்தேன். சாம்பார் வாளியோடு நின்றவள் கரண்டியை வாளிக்குள் போட்டாள். அப்புறம் மண்டபத்துக்குப் பின்னால், அடுப்படியில், குரலைத் தாழ்த்தக்கூட இல்லை, "என்ன ஆளுன்னே தெரியாத பிள்ள. மடில வச்சா மொற வந்துரும்லா. நாளைக்கு அது என் வீட்டு நடைல வந்து நின்னா யாரு பதில் சொல்லுவா?" என்றாள். அண்ணன் அங்கேதான் நின்றான். கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டினான். நான் வெல்லப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கேட்காத மாதிரி வந்துவிட்டேன். அண்ணன் பேசாமல் இருந்தால் மதினி பேச்சை ஏற்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

மூன்று வாரத்தில் புகார் போயிற்று, பெயர் இல்லாமல். பிள்ளையைச் சொந்த மகள் என்று சொல்லிச் சடங்கு செய்கிறார்கள், ஊரை விட்டுக் கூட்டிப் போகவும் திட்டம் இருக்கிறது என்று, கூட ஒரு போட்டோ. ஜெபகனி அம்மா போனில் சொன்னபோது எனக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் ஞாபகம்தான் வந்தது. அவளுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயில் பழைய பகை. அவள்தான், வேறு யார், என்று போய் வாசலில் நின்று கிழித்தேன். "நீ நாசமாப் போவ" என்று கூடச் சொல்லிவிட்டேன். அவள் கையில் முருங்கைக் கீரையோடு நின்று, "நான் எதுக்குட்டி அந்தப் பிள்ளைய எழுதிப் போடப்போறேன், அதுக்குத்தான் கீர ஆயுதேன்" என்றாள். பூமாரிக்கு முருங்கைக் கீரை என்றால் உயிர். நான் அந்தக் கீரையையும் நம்பவில்லை. அன்றைக்கு என்னைச் சமாதானப்படுத்த வந்தது யார். இவன்தான். "விடு உலகு, ஊருல நாலு பேரு அப்படித்தான் இருப்பாவ" என்று எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான், என் வீட்டுச் செம்பில். விசாரணைக்கு நான் கார் கொண்டு வாரேன் என்றான். இன்று காலை நண்பனிடம் கார் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான், வழியில் பூமாரிக்கு ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டினான். ஒருவேளை மதினி அவன் போனை எடுத்து அனுப்பியிருப்பாளோ. இருக்கலாம். அப்படி நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ஆனால் மதினி அனுப்பியிருந்தால் தலையை வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுமா. அவளுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணவே பக்கத்து வீட்டுப் பிள்ளை வர வேண்டும். தன் தலையைத் தானே வெட்டுகிறவனுக்குத்தான் அவ்வளவு கவனம் வரும். கழுத்துக்குக் கீழே ஒரு நூல்கூடப் பிசகாமல் வெட்டியிருக்கிறது.

அவனை மட்டும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, நான் என்ன யோக்கியம். கார் டிக்கியில் ஒரு பை இருக்கிறது. "ரெண்டு மூணு செட்டுத் துணி எடுத்துட்டு வந்துருங்க, முடிவு எப்படி வரும்னு எனக்கே தெரியல" என்று ஜெபகனி அம்மா நேற்று சொன்னார். பூமாரி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மடித்து வைத்தேன். மஞ்சள் கவுன், இரண்டு சிம்மீஸ், காதில் தடவுகிற எண்ணெய், இன்னும் ஒரு பக்கம் புண் முழுதாக ஆறவில்லை. காலையில் அவள் பல் தேய்க்கும்போது அண்ணனிடம் கொடுத்து டிக்கியில் வைக்கச் சொன்னேன். அவளிடம், ஜெபகனி ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. எப்போதும் பத்து ஏன் கேட்கிறவள். சாப்பிடும்போது இன்னொரு தோசை கேட்டு வாங்கிக்கொண்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், ஒன்றும் தெரியாது, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் நாலைந்து நாளாக மறுபடி நீங்க என்கிறாள். "சித்தி, நீங்க என் பென்சிலப் பாத்தீங்களா." முதலில் பள்ளிக்கூடத்தில் மரியாதை சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று விட்டேன். இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தால் அது மரியாதையாகப் படவில்லை. இந்தச் சுவர்க் கடிகாரம் வேறு, முள் நகருவதே தெரியவில்லை, பார்க்காமல் இருந்தால் ஒரேயடியாக ஐந்து நிமிஷம் தாண்டி நிற்கிறது. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். இல்லை, மின்விசிறி. கதவு திறக்காது, இன்னும் நேரம் இருக்கிறது, கேட்டுவிடலாம். கேட்காமல் வீட்டுக்குப் போனால் இவனுக்கு நான் மறுபடி மீன் துண்டு வைப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

"அண்ணே" என்றேன். ம் என்றான். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டேன், "உன் மூஞ்சிய மட்டும் ஏன் வெட்டுன?" அவன் திரும்பவில்லை. பூமாரி வயிற்றைச் சுற்றியிருந்த கை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. என்னது என்று கேட்டிருந்தால் நம்பியிருப்பேன், சத்தியமாக, நான் கண்டதெல்லாம் பொய் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவன் அதைக் கேட்கவில்லை. "டிப்போல தெரிஞ்சா எனக்கும் கேஸு ஆயிரும்லா" என்றான். அதுதான் முதல் பதில். அப்புறம்தான், "உங்க மதினி ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கா. சடங்கானா சீரு யாரு செய்ய, கல்யாணத்துக்கு மாமன்னு யாரு நிக்க, நம்ம பய நாளைக்கு மொறைன்னு சொல்லிக்கிட்டு வந்தா என்ன செய்யன்னு போட்டு அரிக்கா. பிள்ள மேல எனக்கு என்ன இருக்கு உலகு, தங்கமான பிள்ள. மறுபடியும் அனுமதி வாங்கிட்டு கூட்டிக்கலாம்னு நெனச்சேன். கொஞ்ச நாளு ஆறப்போட்டா ஊரு மறந்துரும்" என்றான். ஆறப்போட்டால். ஆறு வயதுப் பிள்ளையை. ஊர் மறப்பதற்காக. சின்ன வயதில் நான் கிணற்றில் விழுந்தபோது இவன்தான் குதித்துத் தூக்கினான், தலைமுடியைப் பிடித்து. அந்தக் கை. பிறந்ததிலிருந்து எனக்கு ஒன்று என்றால் முன்னால் வந்து நின்ற ஆள், அதனால்தான் என் பிள்ளையை எடுத்து அந்த மடியில் வைத்தேன். வேறு யார் மடியிலாவது வைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. தரையில் உட்கார வைத்துக் குத்தியிருக்கலாம்.

கதவு திறந்தது. ஜெபகனி அம்மா முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவருக்குப் பொய்யாகச் சிரிக்கத் தெரியாது. என்னைச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டு, "மூணு மாசம் இல்லத்துல வச்சுப் பாக்கச் சொல்லிட்டாவ. அதுக்குப் பிறகு நீங்க திரும்ப மனு கொடுக்கலாம், நானே எழுதித் தாரேன். இன்னைக்கே விடணும்மா. பின்பக்கமா வண்டி நிக்கி. பிள்ளைட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நான் சொல்கிறேன் என்று திரும்பினேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிறவன். பூமாரியைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்து, அன்றைக்குப் போலவே காதருகே குனிந்து, "கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு. அங்க உன் பிரெண்ட்ஸ் எல்லாம் இருப்பாவ. ஒண்ணும் செய்யாது, மாமா இருக்கேன்ல" என்றான். பூமாரி அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்த மாதிரியே பார்த்தாள். ஆறாத பக்கத்துக் காதை விரலால் தொட்டாள். "அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க மாமா" என்றாள். கோபமாக இல்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரி. கையிலிருந்த விசிலை அவன் சட்டைப் பையில் போட்டாள்.

நான் போய் அவளை அந்த மடியிலிருந்து தூக்கினேன். "பையை எடுத்துட்டு வா" என்றேன் அவனிடம். அண்ணே என்று சேர்க்கவில்லை. அவள் கால்கள் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டன, ஆறு வயதுக்குக் கனம் குறைவுதான், இன்னும் கொஞ்சம் தேற்றியிருக்கலாம். "பூமாரி, இன்னைக்கு உன்ன இல்லத்துல விட்டுட்டு சித்தி வீட்டுக்குப் போறேன். எனக்கும் வலிக்கும், உனக்கும் வலிக்கும். நான் உங்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கணும். சொல்லாமக் கூட்டிட்டு வந்தது தப்பு" என்றேன், நடந்துகொண்டே, நின்றால் கால் நகராது என்று பயந்து. அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ம் என்றாள். அழவில்லை. அவள் கவுன் பையில் ஏதோ மெத்தென்று என் கையில் இடித்தது. வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிடும்போது கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடைக் கழிவுத் தாள், யாருடைய ஆதாரோ பாதி விழுந்த ஜெராக்ஸ், அதில் நாலாக மடித்து வைத்த தோசை. காலையில் கேட்டு வாங்கிய தோசை. எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடியாகியிருந்தது. "இது எதுக்கும்மா?" என்றேன். அதை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ராத்திரிக்கு" என்றாள்.